கல்யாண போட்டோவை டிரைவ் லிங்க்காக அனுப்புகிறீர்களா? அந்த லிங்க்குக்கும் ஒரு கணக்கு இருக்கு!

மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே வார இறுதியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்கு ஓடுகிற பலர் நம்ம சேனலைப் பார்க்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். சைடு இன்கம் வீடியோ எது போட்டாலும் "போட்டோகிராபிக்கு டாக்ஸ் எப்படி சார்?" என்று ஒரு கேள்வி வந்துவிடும். இந்தக் கட்டுரை அதற்கான பதில். ஆனால் வரியில் ஆரம்பிக்கப் போவதில்லை. ஒரு லிங்க்கில் ஆரம்பிக்கிறேன்.

என்னிடம் ரிட்டர்ன் ஃபைல் பண்ணும் ஒரு தம்பி. ஓ.எம்.ஆர். பக்கம் ஐடி கம்பெனியில் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். மாசத்துக்கு ஒரு கல்யாணம், சில மாசம் ரெண்டு என்று எடுப்பார். எடுத்ததை எடிட் பண்ணி, ஃபோல்டராகப் போட்டு, லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். "வேலை முடிஞ்சது, பேலன்ஸ் ஜிபே பண்ணிடுங்க" என்று ஒரு மெசேஜ். அவ்வளவுதான் டெலிவரி.

எந்த அக்கவுன்ட்டில் ஏற்றினார் என்பதுதான் பிரச்சினை. அவருக்கு கம்பெனி கொடுத்த ஆபீஸ் அக்கவுன்ட்டில் 1 டிபி இடம் இருந்தது. "சும்மாதானே கிடக்கு" என்று ஒன்றரை வருஷமாக எல்லாக் கல்யாணத்தையும் அதில் ஏற்றி வைத்திருந்தார். பிறகு வேறு கம்பெனியில் நல்ல ஆஃபர். கடைசி வேலை நாள் சாயங்காலம் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தார், அக்கவுன்ட்டை மூடிவிட்டார்கள். சமீபத்தில் எடுத்த ரெண்டு கல்யாணத்தை மட்டும் முன்னாடியே காப்பி பண்ணி வைத்திருந்தார். பழசெல்லாம் "டெலிவரி ஆனதுதானே" என்று விட்டுவிட்டார். வீட்டு ஹார்டு டிஸ்க்கிலும் இடம் போதாமல் பழைய கல்யாணங்களை அழித்திருந்தார்.

மூணாவது வாரம் ஒரு போன். பதினாலு மாசத்துக்கு முன்னாடி அவர் எடுத்த கல்யாணத்தின் பொண்ணு.

"அண்ணா, எங்க பாட்டி தவறிட்டாங்க. பதினாறாம் நாள் படத்திறப்பு. பாட்டி எப்பவும் போட்டோவுக்கு நிக்க மாட்டாங்க. நலங்கு வைக்கும்போது நீங்க எடுத்த ஒண்ணு இருக்குல்ல, சிரிச்சிட்டு இருப்பாங்களே, அது வேணும். லிங்க் ஓப்பன் ஆகலண்ணா."

"நான் அனுப்பினப்பவே நீங்க டவுன்லோட் பண்ணலையாம்மா?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"லிங்க்தான் இருக்கேண்ணா, எப்ப வேணா பாத்துக்கலாம்னு விட்டுட்டோம்."

பழைய கம்பெனிக்கு மெயில் போட்டார். பதில் வரவில்லை. வந்திருந்தாலும் என்ன கேட்பது? "உங்க சர்வர்ல நான் எடுத்த கல்யாண போட்டோ இருக்கு" என்றா? கடைசியில் ஆல்பம் டிசைன் பண்ணியவரிடம், ஆல்பத்துக்காகத் தேர்ந்தெடுத்து அனுப்பிய நூற்றுச் சொச்சம் படங்கள் மட்டும் கிடைத்தன. அதில் ஒரு குரூப் போட்டோவின் ஓரத்தில் பாட்டி நின்றுகொண்டிருந்தார். அதை வெட்டி, பெரிதாக்கி, பிரேம் போட்டார்கள். இந்தத் தம்பி வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறேன் என்றார். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆனால் அந்தப் பொண்ணு, "அந்த நலங்கு போட்டோ கிடைக்கவே கிடைக்காதாண்ணா?" என்று கேட்டதை என் எதிரில் உட்கார்ந்து சொல்லும்போது அவர் குரல் சரியாக இல்லை.

அன்றைக்கு ரிட்டர்ன் வேலையை ஓரமாக வைத்துவிட்டு, அவர் தொழிலை முதலிலிருந்து ஒரு பேப்பரில் எழுதினோம். அந்தப் பேப்பரில் இருந்ததைத்தான் இங்கே கொடுக்கிறேன்.

லிங்க் அனுப்பினால் டெலிவரி முடிந்ததா?

இல்லை. முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரை ஷேர் பண்ணும்போது படங்கள் உங்கள் அக்கவுன்ட்டில்தான் இருக்கின்றன. உங்கள் இடத்தைத்தான் பிடிக்கின்றன. கிளையன்ட்டின் போனில் "ஷேர்டு வித் மீ" என்ற இடத்தில் தெரிவதால் அவர் "என் டிரைவ்ல இருக்கு" என்று நினைத்துக்கொள்கிறார். ஆனால் அவரிடம் இருப்பது பார்க்கும் அனுமதி மட்டுமே. உங்கள் வீட்டு அலமாரியை எட்டிப் பார்க்க அவருக்கு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். நீங்கள் ஃபோல்டரை அழித்தால் அவருக்கும் இல்லை. உங்கள் அக்கவுன்ட் போனால் அவருக்கும் போச்சு. டிரைவில் அழித்தது டிராஷில் 30 நாள்தான் இருக்கும். அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

கிளையன்ட் தன் கம்ப்யூட்டரிலோ, ஹார்டு டிஸ்க்கிலோ இறக்கி வைத்தால்தான், இல்லை தன் சொந்த அக்கவுன்ட்டில் காப்பி எடுத்தால்தான், அது அவருடையது. காப்பி எடுக்க அவருக்கு இடம் வேண்டும். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அதையும் ஜிமெயில், டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக ஏற்றலாம் என்றிருந்த காலம் 2021 ஜூன் 1-ஓடு முடிந்துவிட்டது. ஒரு கல்யாணத்தின் படங்கள் 15 ஜிபியில் அடங்காது.

ஆகவே "லிங்க் அனுப்பிட்டேன்" என்பது பாதி டெலிவரி. "இறக்கிட்டேன், எல்லாம் ஓப்பன் ஆகுது" என்று கிளையன்ட் எழுத்தில் சொல்வதுதான் முழு டெலிவரி.

ஆபீஸ் அக்கவுன்ட்டைத் தொடவே தொடாதீங்க

இலவசமாகக் கிடைத்த 1 டிபிக்குப் பின்னால் மூணு ஆபத்து இருக்கு.

ஒண்ணு, அது உங்களுடையது இல்லை. வேலையை விட்டாலோ, வேலை உங்களை விட்டாலோ அன்றைக்கே கதவு மூடும். லே-ஆஃப் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

ரெண்டு, ஆபீஸ் அக்கவுன்ட்டிலிருந்து வெளி ஆட்களுக்குப் பெரிய ஃபோல்டர்களை ஷேர் பண்ணுவது ஐடி செக்யூரிட்டி கண்ணில் படும். நீங்கள் அனுப்பியது கல்யாண போட்டோ என்பது அவர்களுக்கு ரெண்டாம் பட்சம். கம்பெனி விதியை மீறினீர்கள் என்பதுதான் முதல்.

மூணு, உங்கள் ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிங்க. வேறு தொழில், வேறு வேலை செய்யக் கூடாது, செய்தால் எழுத்தில் அனுமதி வாங்கணும் என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அனுமதி வாங்கிவிடுங்கள். வார இறுதி போட்டோகிராபிக்குப் பல மேனேஜர்கள் மறுப்புச் சொல்வதில்லை. கேட்காமல் செய்து, அதற்கான ஆதாரத்தை அவர்கள் சர்வரிலேயே நீங்களே சேமித்து வைப்பது என்ன புத்திசாலித்தனம்?

ஜிபி கணக்கும் ரூபாய் கணக்கும்

இனி எண்களுக்கு வருவோம். ஒரு சராசரி கல்யாணம், முதல் நாள் ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம்.

எடிட் முடித்துக் கொடுக்கும் ஜேபெக் படங்கள் 3,000. ஒன்று 10 எம்பி என்றால் 30 ஜிபி. சின்ன ஹைலைட் வீடியோ, டீசர் எல்லாம் சேர்த்து 10 ஜிபி. மொத்தம் 40 ஜிபி. கேமராவில் எடுத்த ரா ஃபைல்கள் தனி. 5,000 படம், ஒன்று 25 எம்பி என்றால் 125 ஜிபி. அதை கிளவுடில் ஏற்ற வேண்டியதில்லை, ஹார்டு டிஸ்க் போதும்.

வருஷத்துக்கு 12 கல்யாணம் என்றால் 12 × 40 = 480 ஜிபி.

கூகுள் ஒன் 2 டிபி திட்டம் வருஷத்துக்குச் சுமார் ரூ.6,500. விலை மாறலாம், ஆப்பில் ஒரு தடவை பார்த்துக்கோங்க. ரூ.6,500-ஐ 12 கல்யாணத்துக்குப் பிரித்தால் ஒரு கல்யாணத்துக்கு ரூ.542 வருது. நாற்பதாயிரம் ரூபாய் பேக்கேஜில் இது ஒரு பூமாலை காசு. இதை மிச்சம் பிடிக்கத்தான் ஆபீஸ் அக்கவுன்ட்டைத் தேடிப் போகிறோம்!

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கு. வருஷம் 480 ஜிபி என்றால் 2 டிபி நாலு வருஷத்தில் நிரம்பிவிடும். அஞ்சாவது வருஷம் இன்னும் பெரிய திட்டத்துக்குப் போகணும், இல்லை பழசை அழிக்கணும். சந்தா கட்டுவதை நிறுத்தினால் உங்கள் அளவு 15 ஜிபிக்கு இறங்கும். அளவைத் தாண்டி நிற்கும் அக்கவுன்ட்டில் புதிதாக எதையும் ஏற்ற முடியாது, ஜிமெயிலுக்கு மெயிலும் வராது. ரெண்டு வருஷம் அப்படியே கிடந்தால் உள்ளே இருப்பதை அழிக்கும் உரிமை கூகுளுக்கு உண்டு. ரெண்டு வருஷம் திறக்கவே படாத அக்கவுன்ட்டுக்கும் இதே கதிதான்.

அதனால் "லைஃப்டைம் கிளவுட் ஸ்டோரேஜ் இலவசம்" என்று பேக்கேஜில் போடாதீங்க. அக்கவுன்டிங் மொழியில் சொன்னால், அது ஒரு லயபிலிட்டி. இன்றைக்கு ஒரு தடவை பணம் வாங்கிக்கொண்டு, சாகும்வரை வருஷா வருஷம் செலவு செய்கிறேன் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். எல்.ஐ.சி.கூட அப்படி பிரீமியம் போட யோசிக்கும்.

அதற்குப் பதிலாகக் காலக்கெடு வையுங்கள். என் தம்பிக்கு நான் சொன்னது இது: லிங்க் 90 நாள் திறந்திருக்கும். அதற்குப் பிறகு லிங்க் மூடும், ஆனால் ஹார்டு டிஸ்க்கில் டெலிவரி தேதியிலிருந்து ஒரு வருஷம் காப்பி இருக்கும். அதற்குள் யாராவது மறுபடி கேட்டால் திரும்ப ஏற்றிக் கொடுக்க ஒரு சின்னக் கட்டணம். எவ்வளவு என்பது உங்கள் இஷ்டம். எழுத்தில் இருக்கணும் என்பது மட்டும்தான் கட்டாயம். அழிப்பதற்கு முன் கடைசியாக ஒரு போன் பண்ணுங்க. பாட்டி கதை நடந்த வீட்டுக்கு அப்படி ஒரு போன் போயிருந்தால் போதும்.

டெலிவரி செய்யும் முறை

1. தொழிலுக்கு என்று தனி ஜிமெயில் அக்கவுன்ட் வையுங்கள். உங்கள் பான், பேங்க், குடும்பப் படங்கள் இருக்கும் அக்கவுன்ட்டைக் கலக்க வேண்டாம். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் கட்டாயம்.

2. அமெரிக்க போட்டோகிராபர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய 3-2-1 என்ற விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூணு காப்பி, ரெண்டு விதமான சாதனம், ஒண்ணு வேறு இடத்தில். நம்ம கணக்கில் லேப்டாப், வெளி ஹார்டு டிஸ்க், கிளவுட். அதில் கிளவுட்தான் வேறு இடம். கவனம், கம்ப்யூட்டரோடு சிங்க் ஆகும் ஃபோல்டர் பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

3. மெமரி கார்டை வீட்டுக்கு வந்ததும் ஃபார்மேட் பண்ணாதீங்க. ரெண்டு காப்பி எடுத்து, திறந்து பார்த்த பிறகு பண்ணுங்க.

4. ஷேர் பண்ணும்போது "வியூவர்" அனுமதி மட்டும். "எடிட்டர்" கொடுத்தால் லிங்க் குடும்ப குரூப்பில் சுற்றி, யாரோ ஒரு சித்தப்பா "போன்ல இடம் இல்ல" என்று படங்களை ஃபோல்டரிலிருந்து எடுத்துவிட முடியும். அவர் தன் போனில்தான் அழிக்கிறோம் என்று நினைப்பார்!

5. "லிங்க் உள்ள எவரும்" என்று திறந்துவிட்டால் அது ஃபார்வர்டு ஆகும் இடமெல்லாம் போகும். பெண் வீட்டில் நலங்கு, மருதாணி எடுத்த படங்கள் முன்பின் தெரியாதவர் கையில் போகக் கூடாது. பொண்ணு, மாப்பிள்ளை ரெண்டு பேர் மெயில் ஐடிக்கு மட்டும் கொடுங்க. சொந்தக்காரர்களுக்குத் தேர்ந்தெடுத்த 200 படங்களைத் தனி ஃபோல்டராகக் கொடுக்கலாம்.

6. விழா வாரியாகச் சின்ன ஃபோல்டர்களாகப் பிரியுங்க: நிச்சயம், நலங்கு, ரிசப்ஷன், முகூர்த்தம். பெரிய ஃபோல்டரை மொத்தமாக இறக்கினால் டிரைவ் அதை ஏறக்குறைய 2 ஜிபி அளவுள்ள பல ஜிப் ஃபைல்களாக உடைத்துக் கொடுக்கும். போனில் இறக்குபவர் மூணாவது ஜிப்பில் சலித்துப்போய் விட்டுவிடுவார். பத்து ஜிப்பில் ரெண்டு வரவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. லேப்டாப்பில் இறக்கச் சொல்லுங்க.

7. அப்லோடுக்கு நேரம் ஒதுக்குங்க. 40 ஜிபியை 100 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற ஏறக்குறைய ஒரு மணி நேரம். 20 எம்பிபிஎஸ் என்றால் நாலரை மணி நேரம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்க.

8. முடிந்தால் லிங்க்கோடு ஒரு பென் டிரைவும் கொடுத்துவிடுங்கள். தாம்பூலப் பை மாதிரி அதுவும் ஒரு மரியாதை. வயதானவர்கள் டிவியில் சொருகிப் பார்ப்பார்கள். ஒரே ஒரு சேவையை நம்பித் தொழில் நடத்துவதும் ஆபத்து. 2020 மே மாதம் வீ-டிரான்ஸ்ஃபர் தளம் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் ஒரே நாளில் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

இந்த மெசேஜை சேவ் பண்ணிக்கோங்க

அட்வான்ஸ் வாங்கும்போதே வாட்ஸ்அப்பில் இதை அனுப்பி, "சம்மதம்" என்று பதில் வாங்குங்க:

"வணக்கம். மொத்தக் கட்டணம் ரூ.40,000. அட்வான்ஸ் ரூ.10,000, விழா நாளில் ரூ.20,000, படங்கள் தயாரானதும் லிங்க் தருவதற்கு முன் ரூ.10,000. எடிட் செய்த படங்கள் விழா முடிந்து 30 நாளில் கிடைக்கும். லிங்க் 90 நாள் திறந்திருக்கும். அதற்குள் உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. டெலிவரி தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் காப்பி இருக்காது. உங்கள் படங்களை என் இன்ஸ்டாகிராமில் போடலாமா? ஆம் / வேண்டாம்."

டெலிவரி அன்று ரெண்டாவது மெசேஜ்: "2,846 படங்கள், 31 ஜிபி. லிங்க் இதோ. இறக்கியதும் எண்ணிக்கை சரிபார்த்துச் சொல்லுங்கள்." எண்ணிக்கை எழுதினால்தான் எது வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். பின்னாடி சண்டை வந்தால் உங்களுக்கும் அதுதான் சாட்சி. காசு வாங்கிச் செய்யும் சேவை என்பதால், குறை இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட கிளையன்ட்டுக்கு உரிமை உண்டு.

இன்ஸ்டாகிராம் கேள்வி எதற்கு? 1957 காப்பிரைட் சட்டம், பிரிவு 17(பி). ஒருவர் காசு கொடுத்து, கேட்டு எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அந்தக் காசு கொடுத்தவர்தான். "நான் எடுத்தேன், என் போட்டோ" என்பது இங்கே செல்லாது. போர்ட்ஃபோலியோவில் போட அனுமதி கேட்பது மரியாதைக்காக மட்டும் இல்லை, சட்டத்துக்காகவும்தான்.

இப்போ வரிக்கு வருவோம்

தம்பியின் கணக்கை ஒத்த ஒரு உதாரணம். 12 கல்யாணம் × ரூ.40,000 = ரூ.4,80,000.

செலவுகள்:
ரெண்டாவது போட்டோகிராபர்: 72,000
பயணம்: 30,000
எடிட்டிங்: 48,000
ஆல்பம்: 1,08,000
கிளவுட் சந்தா: 6,500
இன்டர்நெட் பங்கு: 6,000
கேமரா, லென்ஸ் ரூ.2,00,000-க்குத் தேய்மானம் 15%: 30,000
லேப்டாப் ரூ.70,000-க்குத் தேய்மானம் 40%: 28,000
ஹார்டு டிஸ்க் ரூ.20,000-க்கு 40%: 8,000
மொத்தம்: 3,36,500

லாபம் ரூ.1,43,500. ஒரு கல்யாணத்துக்கு ரூ.12,000-கூட முழுசாக இல்லை. நாற்பதாயிரம் சம்பாதித்ததாக நினைத்துக்கொண்டு இ.எம்.ஐ.யில் லென்ஸ் வாங்குபவர்கள் இந்த வரியை ரெண்டு தடவை படிங்க.

இதை "சும்மா சைடு வருமானம்" என்று ஐடிஆர்-1 போட்டு விடக் கூடாது. இது பிசினஸ் வருமானம். ஐடிஆர்-1 பிசினஸ் வருமானத்துக்கு இல்லை. ஐடிஆர்-4 அல்லது ஐடிஆர்-3 தான்.

இனி முக்கியமான இடம். தம்பிக்குச் சம்பளம் வருஷத்துக்கு ரூ.12,00,000 என்று வைப்போம். 2025-26 நிதியாண்டு, புது வரி முறை. ஸ்டாண்டர்டு டிடக்ஷன் ரூ.75,000 போனால் ரூ.11,25,000. ரூ.12 லட்சத்துக்குள் இருப்பதால் ரிபேட் கிடைத்து வரி பூஜ்யம். சந்தோஷம்.

இதோடு போட்டோகிராபி லாபம் ரூ.1,43,500-ஐச் சேர்த்தால் ரூ.12,68,500. ரூ.12 லட்சத்தைத் தாண்டியதும் ரிபேட் போய்விடும். ஸ்லாப்படி வரி ரூ.70,275. மார்ஜினல் ரிலீஃப் இருப்பதால் வரி, ரூ.12 லட்சத்தைத் தாண்டிய தொகையான ரூ.68,500-ஐ மிஞ்சாது. செஸ் 4% ரூ.2,740. மொத்தம் ரூ.71,240.

லாபம் ரூ.1,43,500, வரி ரூ.71,240. ஏறக்குறைய பாதி! ஒரு கல்யாணத்துக்கு நிற்பது ஆறாயிரம் ரூபாய். எல்லாருக்கும் இப்படி ஆகாது. ரூ.12 லட்சம் என்ற கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்குத்தான் இந்த அடி. உங்கள் சம்பளம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு ரேட் பேசுங்க.

"44ஏடி இருக்கே சார்?" இருக்கு. 1961 வருமான வரிச் சட்டத்தில் பிரிவு 44ஏடி, சின்னத் தொழில்களுக்கான அனுமான வரி முறை. பேங்க், யுபிஐ வழியாக வந்த வரவில் 6%, ரொக்கத்தில் 8% குறைந்தபட்ச லாபமாகக் காட்டலாம். ரூ.4,80,000 முழுக்க யுபிஐ என்றால் 6% ரூ.28,800. மேலே சொன்ன தம்பிக்கு வரி பூஜ்யமாகிவிடும்.

கேட்க இனிக்கும். மூணு விஷயத்தைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்க.

முதலாவது, 6% என்பது அடித்தளம். அதற்கு மேல் சம்பாதித்திருந்தால் அந்த அதிகத் தொகையைக் காட்டுவது பற்றியும் அதே பிரிவு பேசுகிறது. பேங்கில் ஒன்றரை லட்சம் மிச்சம் நிற்கும்போது ரூ.28,800 என்று எழுதுவது சரியா என்று உங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசுங்க. நான் என் கிளையன்ட்களுக்கு, உண்மையான லாபத்துக்குக் கிட்டே காட்டுங்க என்றுதான் சொல்வேன். ஏஐஎஸ்ஸில் உங்கள் முதலீடுகள் எல்லாம் தெரியும். நாளைக்கு ஹோம் லோனுக்குப் போனாலும் ரிட்டர்னில் இருக்கும் லாபத்தைத்தான் பேங்க் பார்க்கும்.

ரெண்டாவது, ஒரு தடவை 44ஏடி-யில் நுழைந்தால் அடுத்த அஞ்சு வருஷமும் அதிலேயே தொடரணும். நடுவில் ஒரு வருஷம் 6%-க்குக் கீழே லாபம் காட்டினால், அதற்குப் பிறகு அஞ்சு வருஷம் அந்தச் சலுகை கிடையாது. மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால் ஆடிட்டும் கட்டாயம். சம்பளம் வாங்கும் உங்களுக்கு அது தாண்டித்தான் இருக்கும். அதோடு கிளவுட் சந்தா, தேய்மானம் என்று எதையும் தனியாகக் கழிக்க முடியாது.

மூணாவது, 44ஏடிஏ-வோடு குழப்பிக்கொள்ளாதீங்க. அது டாக்டர், வக்கீல், இன்ஜினியர், எங்களைப் போன்ற சிஏ என்று பட்டியலிட்ட தொழில்களுக்கு, அங்கே லாபம் குறைந்தது 50%. சினிமா கேமராமேன் அந்தப் பட்டியலில் வருவார். கல்யாண போட்டோகிராபர் பட்டியலில் இல்லை.

ஜிஎஸ்டி பற்றிச் சுருக்கமாக: தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு ரூ.20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. பெங்களூரு கல்யாணம் எடுத்தாலும் அதே வரம்புதான். லாபத்தைப் பார்க்காதீங்க, மொத்த வரவைப் பாருங்க.

அட்வான்ஸ் டாக்ஸ்: டிடிஎஸ் போக கட்ட வேண்டிய வரி ரூ.10,000-ஐத் தொட்டால் முன்கூட்டியே கட்டணும். 44ஏடி என்றால் மார்ச் 15-க்குள் ஒரே தவணை. இல்லாவிட்டால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15 என்று நாலு தவணை. கம்பெனியிடம் அனுமதி வாங்கியிருந்தால் இன்னொரு சுலப வழி உண்டு. இந்த லாபத்தை எச்.ஆரிடம் தெரிவித்துச் சம்பளத்திலேயே டிடிஎஸ் பிடிக்கச் சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னாடி தொழிலுக்கு ஒரு தனி சேவிங்ஸ் அக்கவுன்ட். சம்பளம் வரும் அக்கவுன்ட்டில் கல்யாண அட்வான்ஸை வாங்கினால் வருஷக் கடைசியில் எது எது என்று நீங்களும் தேடுவீங்க, நானும் தேடுவேன்.

நீங்க கிளையன்ட்டாக இருந்தால்

இதைப் படிப்பவர்களில் பலர் போட்டோ எடுப்பவர் இல்லை, கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவர். உங்களுக்கு ரெண்டே வேலை.

ரூ.40,000 கொடுத்து எடுத்த படங்களுக்கு ரூ.6,000, ரூ.7,000 போட்டு ஒரு ஹார்டு டிஸ்க் வாங்குங்க. லிங்க் வந்த வாரமே இறக்கி, நாலு படம் திறந்து பார்த்து, எண்ணிக்கை சரிபார்த்து, அம்மா வீட்டில் ஒரு காப்பி, உங்களிடம் ஒரு காப்பி வையுங்க.

ரெண்டாவது, இப்போதே பழைய வாட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் கல்யாண லிங்க்கை, அக்கா கல்யாண லிங்க்கை, குழந்தை காதுகுத்து லிங்க்கைத் தட்டிப் பாருங்க. திறந்தால் இன்றைக்கே இறக்குங்க. திறக்கவில்லை என்றால் இன்றைக்கே அந்த போட்டோகிராபருக்கு போன் பண்ணுங்க. ஒருவேளை அவர் ஹார்டு டிஸ்க்கில் இன்னும் இருக்கலாம். ஒவ்வொரு மாசமும் அதற்கான வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

அந்தத் தம்பி இப்போ தன் சொந்த அக்கவுன்ட்டில் சந்தா கட்டுகிறார். பேக்கேஜில் ரூ.1,500 ஏற்றியிருக்கிறார், யாரும் மறுக்கவில்லையாம். இன்னொன்றும் செய்கிறார். ஒவ்வொரு கல்யாணத்திலும் வீட்டில் இருக்கும் பெரியவர்களைத் தனித்தனியாக ஒரு படம் எடுத்து, "பெரியவர்கள்" என்று ஒரு ஃபோல்டராகப் போட்டு, அதை மட்டும் பென் டிரைவில் காசு வாங்காமல் கொடுக்கிறார். அதற்கு எந்தப் பிரிவில் கழிவு கிடைக்கும் என்று என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உங்கள் சம்பளம், கல்யாண எண்ணிக்கை, ஏறக்குறைய வரவு மூன்றையும் கமென்டில் போடுங்க. பேர், பான் நம்பர் எதுவும் வேண்டாம். 44ஏடி உங்களுக்கு ஒத்துவருமா என்பதை அடுத்த வீடியோவில் உதாரணங்களோடு பார்ப்போம்.